வேவு பார்க்கப் போனவர் சுடலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சாயக் குண்டுகளால் ஒருவரையொருவர் சுட்டு அவுட்டாக்கும் பெயின்ட்பால் ஆட்டம் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையில் மார்க்கர் (குண்டு சுடும் துப்பாக்கி), முகமூடி, குறிவைக்கும் முறை எல்லாம் இருந்தன, வேவு பார்ப்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. மரமும் புதருமான களத்தில் அணிகளாக ஆடும்போது பாதி ஆட்டம் அதில்தான் தீர்மானமாகிறது. 1981 ஜூனில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் 12 பேர் தனித்தனியாக மோதிய முதல் ஆட்டத்திலேயே, ஜெயித்த ரிச்சி ஒயிட் ஒரு குண்டுகூடச் சுடாமல்தான் கொடிகளை எடுத்து வந்தார்.

ஆனால் பல அணிகள் செய்வது என்ன? நன்றாகச் சுடுகிறவரை முன்னால் அனுப்புகிறார்கள். அவரும் எதிரணியில் ஒருவர் தலை தெரிந்ததும் சுட்டுவிடுகிறார், சத்தத்தில் இடம் தெரிந்து நாலு பக்கமும் வளைத்துக்கொள்கிறார்கள், அவுட். அவுட்டானவர் தன் அணியிடம் எதுவும் சொல்லக்கூடாது என்பது பொதுவான விதி, ஆக அவர் பார்த்ததெல்லாம் அவரோடு போச்சு. அதனால்தான் இரண்டு பேராக அனுப்ப வேண்டும் என்கிறேன். முன்னால் இருப்பவர் பார்த்ததைக் கைச்சைகையில் காட்டிக்கொண்டே போக வேண்டும், பின்னால் வருபவர் சற்றுத் தள்ளி, அவர் கண்ணில் படும் தூரத்திலேயே இருக்க வேண்டும். ஒருவர் அடிபட்டாலும் தகவல் திரும்பி வந்துவிடும்.

எவ்வளவு நெருங்கலாம்? குண்டு எட்டாத தூரத்திலிருந்தே ஆள் நடமாட்டம் தெரிந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். நாலு எட்டு நடந்து, நின்று, காது கொடுத்துக் கேட்டுவிட்டு மறுபடி நடப்பதுதான் முறை. மார்க்கரின் குண்டுப் பெட்டியான ஹாப்பர் பாதி காலியாக இருந்தால் அதில் குண்டுகள் உருண்டு சத்தம் போடும், கிளம்பும் முன் நிரப்பிக்கொள்ளுங்கள்.

அப்புறம், "அங்கே ஆள் இருக்காங்க" என்று மட்டும் வந்து சொல்வதால் அணித் தலைவருக்கு ஒரு பயனும் இல்லை. எத்தனை பேர், எந்த மறைவில், எந்தப் பக்கம் நகர்கிறார்கள், பார்த்து எவ்வளவு நேரமாச்சு என்று வேண்டும், ஏனென்றால் ஐந்து நிமிடத்தில் எதிரணி இடம் மாறியிருக்கும். இடது பக்கம் காலி என்பதும் நல்ல தகவல்தான், அதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

முக்கியமான ஒன்று. புதருக்குள் தனியாகக் கிடக்கும்போது முகமூடியில் ஆவி படிந்து கண் தெரியாது, கழற்றித் துடைக்கத் தோன்றும். கழற்றவே கூடாது. விநாடிக்கு 280 அடி வேகத்தில் வரும் குண்டு கண்ணைப் பறித்துவிடும். நடுவரைக் கூப்பிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பெயின்ட்பால் ஆட்டக்காரர்