முடோலா பக்தைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள வசந்தி,

இங்கே எல்லாரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், இல்லாவிட்டால் கலா எனக்குப் போன் போட்டு ஒப்பாரி வைத்திருப்பாள். பொங்கலுக்கு எழுதுகிறேன் என்று சொன்னது ஆடி வரைக்கும் வந்துவிட்டது. திட்டுவதை நேரில் திட்டிக்கொள். இவர் ரிட்டயர் ஆகி வீட்டோடு இருக்கிறார், எனக்கு வேலை இரண்டு மடங்கு. சின்னவனுக்கு ஓசூரில் வேலை. முழங்கால் அதே முழங்கால்.

இந்தக் கடிதத்துக்குக் காரணம் நீ குரூப்பில் போட்ட வாய்ஸ் மெசேஜ்தான். "ஏதென்ஸ் எண்ணூறு என்றால் ஹோம்ஸும் முடோலாவும்தான்டி, மத்தவங்க சும்மா கூட ஓடினவங்க." 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் பெண்கள் 800 மீட்டர் ஃபைனல் என்றால் தங்கம் வாங்கின பிரிட்டனின் கெல்லி ஹோம்ஸும் நீ கும்பிடுகிற மொசாம்பிக் முடோலாவும் மட்டும்தானாம், வெள்ளி வாங்கின மொராக்கோக்காரிகூட சும்மா ஓடினவளாம். கேட்டதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. குரூப்பிலேயே பதில் போட்டால் கொக்கு உள்ளே புகுந்து நாட்டாமை பண்ணுவாள். அதனால்தான் தபால்.

முதலில் உன் தெய்வத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிடுகிறேன். சிட்னியில் மொசாம்பிக்குக்கு முதல் ஒலிம்பிக் தங்கம் வாங்கிக் கொடுத்தவள் முடோலா, மறுக்கவில்லை. அதே 2000 சிட்னி ஃபைனலில் எட்டாவதாக, கடைசியாக, ஒரு மொராக்கோ பெண் வந்தாள். மராகெஷ் ஊர்க்காரி, அப்போது 22 வயது. ஹஸ்னா பென்ஹஸி. நீ அவளைப் பார்த்திருக்கவே மாட்டாய், கேமராவே பார்க்கவில்லை.

இப்போது ஏதென்ஸ். 2004 ஆகஸ்ட் 23. யூடியூபில் போட்டு வைத்துக்கொண்டு படி. அமெரிக்காவின் ஜெர்ல் மைல்ஸ்-கிளார்க் முதல் சுற்றை வெறி பிடித்தவள் மாதிரி இழுத்துக்கொண்டு போகிறாள். ஹோம்ஸ் பின்னால் பொறுமையாக இருக்கிறாள். முடோலா முன்னே வந்து கடைசி நேர்பாதைக்குள் நுழைகிறாள், நீ இந்த இடத்தில் எப்போதும் போல எழுந்து நிற்பாய். ஹோம்ஸ் வெளிப்பக்கமாக நெருங்குகிறாள். உலகம் முழுக்க இந்த இரண்டு பேரையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, நாலு பேர் கோட்டை ஒன்றாகத் தாண்டுகிறார்கள். ஹோம்ஸ் 1:56.38. பென்ஹஸி 1:56.43. ஸ்லோவேனியாவின் செப்லாக், அவளும் 1:56.43. உன் முடோலா 1:56.51. ஹோம்ஸ் கண்ணை அகல விரித்து, நம்பாமல் அந்தப் பெரிய திரையைத் தேடுகிறாள். அந்தக் கண்களைத்தான் இருபது வருஷத்துக்கும் மேலாகத் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். பக்கத்தில் வெள்ளி வாங்கியவளின் முகத்தை ஒழுங்காகக் காட்டின ஒரு படம் கிடைக்குமா என்று தேடித் தேடி எனக்குக் கண் வலித்ததுதான் மிச்சம்.

நூறில் ஐந்து விநாடிடி. அந்த வேகத்தில் அது எவ்வளவு தூரம் என்று பேப்பரில் போட்டுப் பார்த்தேன். பூக்காரி அளக்கிற முழத்துக்கும் குறைவு. 800 மீட்டர் ஓடி, முழத்துக்கும் குறைவான தூரத்தில் தங்கம் போய்விட்டது. செப்லாக்கோடு நேரம் ஒன்றாகவே வந்ததால் வெள்ளி யாருக்கு என்பது போட்டோ ஃபினிஷில்தான் முடிவானது. தலை முந்தினால் கணக்கில்லை, கை முந்தினாலும் கணக்கில்லை, மார்பு கோட்டைத் தொடுவதுதான் கணக்கு. நம் சார் "நெஞ்சைக் கொடு, நெஞ்சைக் கொடு" என்று மைதானம் அதிரக் கத்துவாரே, அதைத்தான் அவள் செய்திருக்கிறாள். அந்த செப்லாக் 2007இல் ஈபிஓ என்கிற ஊக்கமருந்து ஊசியில் மாட்டி இரண்டு வருஷத் தடை வாங்கினாள். ஏதென்ஸ் முடிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் எனக்கு ஒரு எரிச்சல்.

அதோடு விட்டார்களா? மறுநாளே மொராக்கோவின் எல் கெரூஜ் ஆண்கள் 1500இல் தங்கம், நாலு நாள் கழித்து 5000இலும் தங்கம். மொராக்கோ முழுக்க அவன் பேச்சாகிவிட்டது. அந்த ஒலிம்பிக்கில் அந்த நாட்டுக்குக் கிடைத்த மெடலே மூன்று. இரண்டு அவனுடையது, மூன்றாவது இவளுடையது. இவள் கணவன் முஹ்ஸின் ஷெஹிபியும் எண்ணூறுதான். அவன் அதே ஏதென்ஸில் ஆண்கள் ஃபைனலில் நாலாவது. அந்த வீட்டில் ராத்திரி சாப்பாட்டின்போது என்னதான் பேசியிருப்பார்கள்? யார் கடைசி வளைவில் உள்ளே மாட்டிக்கொண்டார்கள் என்றுதானே?

சரி, ஏதென்ஸ் ஒரு நாள் அதிர்ஷ்டம் என்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? அதனால்தான் அடுத்ததைச் சொல்கிறேன். 2005 ஹெல்சிங்கி உலக சாம்பியன்ஷிப், கியூபாவின் கலதயுத் தங்கம், பென்ஹஸி வெள்ளி. 2007 ஒசாகா, கென்யாவின் ஜெப்கோஸ்கெய் தங்கம், பென்ஹஸி வெள்ளி. 2008 பெய்ஜிங், பமேலா ஜெலிமோ தங்கம், ஜெப்கோஸ்கெய் வெள்ளி, பென்ஹஸி வெண்கலம். அந்த ஐந்து வருஷத்தில் மைதானத்தில் நடந்த ஒலிம்பிக், உலக சாம்பியன்ஷிப் எல்லாம் சேர்த்து இந்த நாலுதான். தங்கம் வாங்கினவர்கள் நாலு தடவையும் வேறு வேறு ஆள். நாலு தடவையும் மேடையில் நின்றது ஒருத்தி மட்டும்தான். உன் முடோலா? ஏதென்ஸில் நாலாவது, ஹெல்சிங்கியில் மேடை ஏறவில்லை, ஒசாகாவில் ஓட்டத்தை முடிக்காமலே வெளியே வந்துவிட்டாள், பெய்ஜிங்கில் ஐந்தாவது. கோபப்படாதே. 2004இல் அவளுக்குத் தொடைத் தசையில் காயம், வயதும் முப்பதைத் தாண்டியாச்சு, எல்லாம் தெரியும். 2006 மாஸ்கோ உள்ளரங்கப் போட்டியில் முடோலா தங்கம், பென்ஹஸி வெண்கலம் என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன், நீ தேடி எடுத்து என் முகத்தில் வீசுவதற்கு முன்னால்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அவளிடம் தங்கமும் இருக்கிறது. 2001இல் லிஸ்பனில், கூரைக்குக் கீழே, 200 மீட்டர் டிராக்கில் ஏழரைச் சுற்று, 1500 மீட்டர். 4:10.83. உலக உள்ளரங்க சாம்பியன். பேர் வாங்கியது எண்ணூறில், தங்கம் வாங்கியது ஆயிரத்து ஐந்நூறில்! அந்த 1500 பலம்தான் எண்ணூறின் கடைசி நூறில் மற்றவர்கள் கால் கட்டிப்போகும்போது இவளைத் தாங்கியது என்று நான் நினைக்கிறேன். நானூறிலிருந்து எண்ணூறுக்கு வருபவர்களை நீ பார்த்திருக்கிறாய், அறுநூறு வரைக்கும் மகாராணி, அப்புறம் தோள் காதுவரை ஏறிவிடும். பென்ஹஸிக்கு அப்படி ஏறியதே இல்லை.

பெய்ஜிங்கைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஜெலிமோவுக்கு 18 வயது. 1:54.87இல் போய்விட்டாள், கென்யப் பெண் ஒருத்தி வாங்கிய முதல் ஒலிம்பிக் தங்கம் அது. அந்தப் பிள்ளையைக் கொண்டாட வேண்டியதுதான், நானும் கொண்டாடினேன். ஆனால் 30 வயதில் 1:56.73 ஓடி மூன்றாவதாக வந்தவளைப் பார். ஏதென்ஸில் ஓடினதற்கும் இதற்கும் அரை விநாடி கூட வித்தியாசமில்லை. நாலு வருஷம்! நமக்கெல்லாம் ஒரு கோடை லீவு முடிந்து வந்தாலே மூன்று விநாடி போய்விடும்.

மொராக்கோவில் ஓடுகிற பெண்களுக்கு நல்ல வழி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். நவால் எல் முதவக்கில் 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் தங்கம் வாங்கினபோது, அன்று பிறந்த பெண் குழந்தைகளுக்கு நவால் என்றே பேர் வைக்கச் சொன்னாராம் ராஜா. அப்புறம் நெஸா பிதுவான், இரண்டு முறை உலக சாம்பியன், சிட்னியில் வெண்கலம். மூன்றாவது பென்ஹஸி. பாரிஸ் ஒலிம்பிக் முடிந்த பிறகும் மொராக்கோவில் ஒலிம்பிக் மெடல் வாங்கின பெண்கள் இந்த மூன்று பேர்தான். பென்ஹஸிக்குப் பிறகு ஒரு பெண், 1500இல் நன்றாக வந்தாள், செல்சூலி. 2012 லண்டன் ஒலிம்பிக்குக்குச் சில நாள் முன்னால் ஊக்கமருந்தில் மாட்டினாள், அதுவும் இரண்டாவது தடவை. ரபாபே அராஃபி 2015 உலக சாம்பியன்ஷிப் எண்ணூறில் நாலாவது வந்தாள், அந்த நாலாவது எவ்வளவு கொடுமை என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம்.

ஏன் இவளுக்காக இவ்வளவு வக்காலத்து என்று கேட்பாய். உனக்குத் தெரியாதது ஒன்று சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. காலேஜில் மூன்று வருஷம் நான் ஓடினது முழுக்க உன் முதுகைப் பார்த்துத்தான். உன் நம்பர் துணியில் நாலு ஊக்கு குத்தியிருப்பாய், கீழே இடதுபக்க ஊக்கு எப்போதும் கழன்று அந்த மூலை மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும். கடைசி வளைவில் எனக்கு டிராக் தெரியாது, ஜனம் தெரியாது, அந்த மூலைதான் தெரியும். ஒரு தடவையாவது அதைத் தாண்டிவிட வேண்டும் என்று வெறி. மண்டலப் போட்டியில், அதான் சோனல்ஸில், கிட்டத்தில் வந்தேன், அதுகூட உனக்குத் தெரியாது. நீ திரும்பிப் பார்க்கிற ஆளே இல்லையே. பொறாமை இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நீ இல்லாத மீட்டில் நான் முதலாவதாக வந்தபோது என் நேரம் இரண்டு விநாடி மோசம். எந்த முதுகைத் துரத்துவது என்றே தெரியவில்லை.

எங்கள் பள்ளி வராந்தாவில் போர்டு ஒன்று இருக்கிறது, ஜில்லாவில் முதலாவது வந்த பிள்ளைகளின் பேர் மட்டும் மஞ்சள் பெயிண்டில் எழுதுவார்கள். இரண்டாவது வந்தவர்களையும் எழுத வேண்டும் என்று மீட்டிங்கில் சொன்னேன். இடம் போதாது என்றார்கள். பாதிப் போர்டு காலியாகக் கிடக்கிறது. அடுத்த வருஷம் நான் ரிட்டயர் ஆவதற்கு முன்னால் பெயிண்ட் டப்பாவோடு நானே ஏறிவிடலாமா என்று யோசனை. ஏணியைப் பிடிக்க நீ வருவாயா?

கலா பெண் கல்யாணம் கார்த்திகையில். நீ வராவிட்டால் அவள் என்னைத்தான் கொல்லுவாள், அதனால் டிக்கெட் போட்டுவிடு. கொக்குவிடம் இந்தக் கடிதத்தைக் காட்டாதே.

ஏதென்ஸை விட்டுவிட்டு, ஒசாகா ஃபைனலைப் போட்டுப் பார். ஜெப்கோஸ்கெய் முதல் அடியிலிருந்து முன்னாலேயே போகிறாள். நீ அவளைப் பார்க்காதே. இரண்டாவதாக வருகிறவளின் தோளை மட்டும் பார், கடைசி நூறில் அது எங்கே இருக்கிறது என்று எழுது. போன் பண்ணாதே. போனில் நீ மட்டும்தான் பேசுவாய்.

இப்படிக்கு,
சரோஜா