மாதையனுக்கு, புல் வெட்டும் மெஷின் விஷயமாக

சந்தூர்,
தை மாதம்

அன்புள்ள மாதையா,

இங்கே எல்லோரும் நலம். உன் கடிதம் பொங்கல் கழித்து வந்தது. பேத்தி பிறந்த சேதியை வீட்டில் வாசித்துக் காட்டினேன். குழந்தை யார் ஜாடை என்றுதான் உன் தங்கச்சி முதலில் கேட்டாள். "மாதையண்ணன் ஜாடை இல்லாமல் இருந்தால் சரி" என்று பதிலையும் அவளே சொல்லிவிட்டாள். அந்த வழக்கை நேரில் வந்து நீயே பேசித் தீர்த்துக்கொள்.

மா பூத்துக் கிடக்கிறது. செந்தூரா முந்திக்கொண்டது, பெங்களூரா பின்னால் வருகிறது. பனியில் பூங்கொத்துகளில் சாம்பல் நோய் தட்டியது. நனையும் கந்தகம் அடித்ததில் அடங்கியிருக்கிறது. விலையைப் பற்றி ஆனியில் பேசிக்கொள்ளலாம், இப்போதே எதற்கு வயிற்றெரிச்சல்.

உன் மெஷினுக்கு வருகிறேன். ஐப்பசியில் ஒரே இழுப்பில் கிளம்பிய பிரஷ் கட்டர், இப்போது தோள்பட்டை கழலும் அளவுக்குக் கயிற்றை இழுத்தாலும் ஒரு புர்ரோடு அணைந்துவிடுகிறது, விற்றுவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். விற்காதே. மழை நின்ற நாள் முதல் அதே பெட்ரோலோடு மாட்டுக்கொட்டகை மூலையில் சாத்தி வைத்திருக்கிறாய் என்று நீயே எழுதியிருக்கிறாய். இந்த மெஷின்கள் ஓடிக் கெடுவதைவிட நின்று கெடுவதுதான் அதிகம் மாதையா. எங்கள் பக்கம் தோப்புக்குத் தோப்பு இதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இப்போது பங்க்கில் பிடிக்கிற பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். உங்கள் பாலக்கோடு ஆலைக்குக் கரும்பு போகிறதே, அதன் கழிவுப்பாகு மாதிரிச் சரக்கிலிருந்து வடிக்கிற சாராயச் சாதிதான் அது. காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கார், பைக் என்றால் வாராவாரம் டேங்க் காலியாகிப் புதிது விழும், தெரியாது. மெஷின் மாதக்கணக்கில் நின்றால், சேர்ந்த தண்ணீரும் எத்தனாலும் கூட்டு வைத்துக்கொண்டு பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். டேங்குக்குள் குழாய் முனையில் ஒரு குட்டி ஃபில்டர் தொங்குகிறது பார், அது கிடப்பதும் அடியில்தான். ஆக முதலில் உறிஞ்சுவது அந்தத் தண்ணீர்ச் சரக்கையே. உன்னுடையது டூ ஸ்ட்ரோக். அதற்குத் தனியாக என்ஜின் ஆயில் கிடையாது, பெட்ரோலில் கலக்கும் 2டி ஆயில்தான் பிஸ்டனைக் காப்பாற்றுகிறது. அந்த ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும், அடித்தண்ணீரில் இருக்காது. அதோடு தப்பித்தவறி ஓடினால் பிஸ்டன் பிடித்துவிடும். கிளம்பாமல் மக்கர் பண்ணுவதே உனக்கு நல்லதாகப் போயிற்று.

இனி கயிறு இழுக்காதே. டேங்கைக் கவிழ்த்துக் காலி செய். அந்தப் பெட்ரோலைக் கிணற்றடியிலோ தென்னை மூட்டிலோ ஊற்றாதே. மெக்கானிக் கடையில் கொடுத்தால் பாகம் கழுவ வைத்துக்கொள்வார்கள். பிளக்கைக் கழற்றி, கரியைத் துடைத்து, காயவைத்து மாட்டு. புதிதாகக் கலந்து கொஞ்சமாக ஊற்றிப் பார். பாதி மெஷின் இதிலேயே எழுந்துவிடும். எழவில்லை என்றால் கார்பரேட்டருக்குள் பிசின் கட்டியிருக்கும், இல்லையென்றால் உள்ளே இருக்கும் டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு விறைத்துப் போயிருக்கும். கடையில் கார்பரேட்டரையே மாற்றச் சொல்வார்கள். டயாஃப்ரம் கிட் தனியாகவே கிடைக்கிறது, முதலில் அதை மாற்றச் சொல். என் பக்கத்துத் தோப்புக்காரரிடம் ஒரு மெக்கானிக் கார்பரேட்டர், காயில், பிளக் என்று வரிசையாக மாற்றி, கடைசியில்தான் டேங்கைத் திறந்து பார்த்தான்.

வைகாசி மழை வரைக்கும் உனக்கு அதில் வேலை இல்லை. ஓடிய பிறகு இப்படிக் கட்டி வை. டேங்க் காலியானதும் மறுபடி ஸ்டார்ட் செய்து, தானாக அணையும்வரை ஓடவிடு. கார்பரேட்டரில் மிச்சம் இருப்பதும் எரிந்துவிடும். சூடு ஆறியதும் பிளக் ஓட்டை வழியாக 2டி ஆயிலில் ஒரு ஸ்பூன் விட்டு, கயிற்றை மெதுவாக இழுத்து உள்ளே பரவவிட்டு, பிளக்கை மாட்டு. பிறகு கயிறு இறுகும் இடம் வரை இழுத்து அப்படியே விட்டுவிடு. பிஸ்டன் மேலே நிற்பதால் சைலன்சர் வழி மூடிவிடும், ஈரம் உள்ளே போகாது.

ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சு என்றால் சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காயவை. கீழே கியர் பெட்டியில் ஒரு போல்ட் இருக்கும், அதைக் கழற்றிக் கிரீஸ் வை. யாரும் கண்டுகொள்ளாத இடம் அது. பிளேடு நட் இடது மரை. நாம் வழக்கமாக முறுக்குகிற பக்கம் திருப்பினால்தான் கழலும், தெரியாமல் சுத்தியல் எடுத்து அடிக்காதே. பிளேடில் விரிசல் இருந்தால் வெல்டிங் வைக்காமல் தூக்கிப் போடு. நம் கருங்கல் பூமியில் சுற்றும்போது தெறித்தால் காலோடு போகும். பிளேடுக்குப் பதில் நைலான் கயிறு போட்டாலும் இளங்கன்றின் தூரை ஒட்டிச் சுற்றாதே. பட்டை சுற்றிலும் உரிந்தால் கன்று பட்டுப்போகும். அடியில் ஒரு முழத்துக்குக் கையால் களை எடுப்பதே நல்லது.

கொட்டகை மூலை மட்டும் வேண்டாம். எலிக்கு அந்த ரப்பர் குழாய் என்றால் உயிர். சுவரில் ஆணி அடித்து உயரத்தில் மாட்டு, அடுப்பங்கரைச் சுவராக இருக்கக்கூடாது.

நாம் படித்த காலத்தில் உன் ஊரும் என் ஊரும் ஒரே தர்மபுரி மாவட்டம். 2004இல் பிரித்த பிறகு நீ கிருஷ்ணகிரிப் பக்கமே வருவதில்லை என்று இங்கே பேச்சு. கோடையில் மாங்கனிக் கண்காட்சி போடுவார்கள், குடும்பத்தோடு வா. பேத்தியைத் தூக்கி வந்தால் உன் தங்கச்சி உன்னை மன்னித்தாலும் மன்னிப்பாள்.

ஒன்று கேட்க விட்டுப்போனது. நீ எவ்வளவு ஆயில் கலக்கிறாய்? சில கம்பெனி லிட்டருக்கு 40 மில்லி கேட்கும், சிலது 20 மில்லி. குறைந்தால் பிஸ்டன் போகும், கூடினால் சைலன்சர் கரி பிடித்து அடைக்கும். கடைக்காரன் சொன்னதை விடு. டேங்க் மூடியிலோ கூட வந்த புத்தகத்திலோ என்ன போட்டிருக்கிறது என்று பார்த்து எழுது. அதுவரை புதுப் பெட்ரோல் ஊற்றாதே.

அன்புடன்,
பச்சையப்பன்