சம்மதப் படிவத்தில் உள்ள கையெழுத்து

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐஸ் என்ற போதைப்பொருள் (மெதம்பெற்றமின்) பாவிக்கும் வீடுகளில் பிள்ளைகள் எப்படி வளர்கிறார்கள் என்று ஆய்வு செய்ய வேண்டும் எனப் பலரும் எழுதுகிறார்கள். செய்யத்தான் வேண்டும். ஆனால் கேள்வித்தாளைக் கண்டதும் ஒரு தாய்க்கு என்ன தோன்றும் என்பதை யாரும் எழுதக் காணோம்.

நான் ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர். சில மாதங்களுக்கு முன் இரண்டு மாணவிகள் ஆய்வுக்கு வந்து, தெரிந்த முகம் வேண்டுமென்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். எந்த ஊர், எந்த ஒழுங்கை என்று சொல்ல மாட்டேன். கேள்வித்தாளில் பேர் இல்லை, சரி. ஆனால் சம்மதப் படிவத்தில் பேர், கையெழுத்து, தொலைபேசி இலக்கம் எல்லாம் கேட்டிருந்தது. இரண்டு தாளிலும் ஒரே தொடர் இலக்கம்! எட்டாம் வகுப்போடு நின்ற அந்த வீட்டுத் தாய் அதை உடனே கண்டுபிடித்துவிட்டாள். “மிஸ், பொலிஸ் கேட்டா இதக் குடுப்பாங்களா?” மாணவிகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவள் எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ என்று கோடு போட்டுக் கொடுத்தாள். அந்த வீட்டு நிலைமை ஒழுங்கைக்கே தெரியும்.

அவளைக் குறை சொல்ல மாட்டேன். இலங்கைப் போதைப்பொருள் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு 5 கிராம் ஐஸ் பிடிபட்டாலே மரண தண்டனை வரை போகலாம். அதைவிடப் பெரிய பயம், நன்னடத்தைக்காரர் (சிறுவர் பராமரிப்பைப் பார்க்கும் அரச உத்தியோகத்தர்) வந்து பிள்ளைகளைக் கொண்டுபோய்விடுவார்கள் என்பது. அந்தப் பயத்தில் கிளினிக்குக்கே வராமல் ஒளித்த கர்ப்பிணிகளை நான் கண்டிருக்கிறேன்.

அமெரிக்காவில் இந்தச் சிக்கலை 1970இலேயே யோசித்துவிட்டார்கள். போதைப்பொருள் ஆய்வில் சேர்ந்தவர்களின் அடையாளத்தை நீதிமன்றம் கேட்டாலும் கொடுக்காமல் இருக்க அந்த ஆண்டுச் சட்டம் இடம் தந்தது. 1972இல் நியூயோர்க்கில் ஒரு கொலை வழக்குக்காக, ஹெரோயின் பழக்கத்துக்கு மெதடோன் மருந்துச் சிகிச்சை பெறுவோரின் படங்களைக் கேட்டபோது, பொறுப்பான வைத்தியர் மறுத்தார். 1973இல் அம்மாநிலத்தின் உச்ச மேன்முறையீட்டு நீதிமன்றமும் அவர் பக்கமே நின்றது. அங்கே மத்திய அரசின் தேசிய சுகாதார நிறுவகங்களின் பணத்தில் நடக்கும் இவ்வகை ஆய்வுகளுக்கு 2017 ஒக்டோபர் முதல் இந்தக் காப்பு தானாகவே கிடைக்கிறது.

இங்கே, சட்டத்தரணியிடம் கட்சிக்காரர் சொன்னதற்குச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தில் காப்பு உண்டு. ஆய்வாளரிடம் ஒரு தாய் சொன்னதற்கு இல்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தகவலை விசேட வகையில் சேர்த்திருக்கிறது. நல்ல விசயம்தான், ஆனால் நீதிமன்றக் கட்டளை வந்தால் அந்த மாணவிகள் மறுக்க அது போதாது.

பிள்ளைக்கு அடி விழுகிறது, பட்டினி கிடக்கிறது என்று தெரிந்தால் மூடி வைக்கச் சொல்லவில்லை. அமெரிக்கக் காப்பும் அதைத் தடுப்பதில்லை. எதை அறிவிப்போம், எதை அறிவிக்க மாட்டோம் என்பதைக் கேள்வி தொடங்க முன்னரே அவளுக்கு விளங்கும் தமிழில் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

சட்டம் எப்போது வருமோ தெரியாது. அதுவரை பல்கலைக்கழகங்களின் நெறிமுறைக் குழுக்கள் இவ்வகை ஆய்வுகளுக்கு வாய்மொழிச் சம்மதத்தை ஏற்கலாம். கையெழுத்து வேண்டவே வேண்டுமென்றால் அந்தத் தொடர் இலக்கத்தையாவது எடுத்துவிடுங்கள்.

ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர்,
மட்டக்களப்பு மாவட்டம்