கொடித் துண்டு வேண்டாம், பாப்பா

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய திராட்சை இலைப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். நம் கம்பம் ஊரில் இத்தனை வருஷமாகத் திராட்சைப் பந்தலுக்கு அடியில் நிற்கிறேன், கத்தரித்து எடுத்த மாதிரி இப்படி முட்டை வடிவ ஓட்டையை நான் பார்த்ததில்லை. மனசு கேட்கவில்லை, தேடிப் படித்தேன்.

அது ஹோலோகாசிஸ்டா கேப்பன்சிஸ் என்ற அந்துப்பூச்சியின் வேலை. தென்னாப்பிரிக்காவில் நீ இருக்கும் பார்ல் பக்கத்துத் திராட்சையில்தான் 2012இல் கவனித்திருக்கிறார்கள், பெயர் வைத்தது 2015இல். இறகை விரித்தாலும் சுமார் 5 மில்லிமீட்டர்தான். புழு இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவே புகுந்து உள்ளிருக்கும் பச்சைப் பகுதியைத் தின்கிறது. வளர்ந்ததும் இரண்டு தோலையும் ஒரே அளவில் வெட்டி, நூலால் ஒட்டித் தனக்கு உறை செய்துகொள்கிறது. அந்த உறையோடே நூல்பிடித்து இறங்கி, தண்டிலோ கம்பியிலோ குலையிலோ ஒட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகிறது. இதன் சொந்தக்காரப் பூச்சி ஒன்றை மால்டா தீவில் 1750இலேயே கொதே த ரிவில் என்பவர் உட்கார்ந்து கவனித்து எழுதியிருக்கிறார். அந்தப் பொறுமையை நினைத்தால் மரியாதை வருகிறது.

இத்தனை சின்னதுக்காக ஏன் வெளிநாட்டுக்குப் போகும் திராட்சைப் பெட்டியையே நிறுத்துகிறார்கள் என்று கேட்டாயே. காம்பில் ஒட்டிய ஒரு உறை போதும், பூச்சி கப்பலேறி வேறு நாட்டில் இறங்கிவிடும். அதனால் நீ ஒவ்வொரு குலையையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பது வீண் வேலை இல்லை.

இன்னொன்று. அந்த மண்ணுக்கு அது அந்நியம் இல்லை, அங்குள்ள காட்டுத் திராட்சை இனக் கொடிகளில் வாழ்ந்து வந்ததுதான். திராட்சைக்கொடிதான் வெளியிலிருந்து வந்தது, 1655இல் டச்சுக்காரர்கள் அங்கே நட்டது. அந்தப் பூச்சியின் புழுவைத் தின்னும் குட்டிக் குளவிகளும் அங்கே உண்டு. இங்கே வந்தால் அதைத் தின்ன யார் இருக்கிறார்கள்?

அதனால்தான் சொல்கிறேன், ஊருக்கு வரும்போது எனக்காக நல்ல ரகத்தில் ஒரு கொடித் துண்டு கொண்டுவருவதாகச் சொன்னாயே, அது வேண்டாம். பட்டை இடுக்கில் எது ஒட்டியிருக்கும் என்று நம் கண்ணுக்குத் தெரியாது. பக்கத்துத் தோட்டக்காரர்களும் நம்மை நம்பித்தான் இருக்கிறார்கள். தோட்டத்துக்குப் போட்டுப்போகும் ஷூவையும் அங்கேயே விட்டுவிடு.

நீ மட்டும் வா. அம்மா நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா