கரையை உயர்த்தும் முன் கவனிக்க

ஆற்று வெள்ளத்தைத் தடுக்கும் கரை வேலையில் இருப்பவர்களுக்கு: பழைய சரிவின் மேல் அப்படியே மண் கொட்டாதீர்கள், புது மண் வழுக்கிவிடும். புல், வேர் நீக்கி, சரிவைப் படிக்கட்டு போல வெட்டி, 20–30 செ.மீ. அடுக்காகப் போட்டு ரோலர் ஓட்டுங்கள்.

வெள்ள நேரத்தில் ஊர்ப்பக்க அடிவாரத்தில் ஊற்று கிளம்பினால் நிறத்தைப் பாருங்கள். தெளிந்த நீரென்றால் கண்காணித்தால் போதும். கலங்கி வந்தால் உள்ளே மண் அரிக்கிறது. அந்த ஊற்றை அடைக்கவே கூடாது, வேறிடத்தில் பீறிடும். சுற்றிலும் மணல்மூட்டை வளையம் கட்டி, கலங்கல் நிற்கும்வரை உள்ளே நீர் ஏறட்டும்.

ஊர் நீரை ஆற்றுக்கு விட்டு, ஆறு ஏறினால் மூடிக்கொள்ளும் வடிகால் வாயிலின் ஒருவழிக் கதவில் ஒரு கட்டை சிக்கினாலே ஆறு தெருவுக்குள் வரும். கீல், ரப்பர் சீல் இரண்டையும் மழைக்கு முன்பே பாருங்கள். கதவு மூடியபின் ஊர்மழையை வெளியேற்ற பம்ப் வேண்டும். அதன் மின்பலகை தரைமட்டத்தில் இருந்தால், முதலில் மூழ்குவது அதுதான்!