ட்ராலியில ஏறுற குட்டி கை

ஆசிரியருக்கு வணக்கம்,

மாச சாமான் வாங்கப் போறப்ப பசங்களை கூட்டிட்டுப் போகலாமா வேணாமான்னு எங்க வீட்ல எப்பவும் ஒரு பஞ்சாயத்து. விட்டுட்டுப் போனா வேலை சீக்கிரம் முடியும், நான் ஒத்துக்கறேன், ஆனா எனக்கென்னவோ கூட்டிட்டுப் போறதுதான் சரின்னு படுது.

கலர் கலரா கார்ட்டூன் போட்ட டப்பாவெல்லாம் அவங்க கண்ணு மட்டத்துலதான் அடுக்கி வச்சிருப்பாங்க, பில் போடற இடத்துலயும் மிட்டாய் தொங்கும், அங்கதான் அழுகையே ஆரம்பிக்கும். நான் இப்ப ஒரு விளையாட்டு மாதிரி பண்றேன், மூத்தவகிட்ட டப்பாவைக் குடுத்து பின்னாடி திருப்பி, என்னென்ன சேர்த்திருக்காங்கன்னு போட்டிருக்கற லிஸ்டைப் படிக்கச் சொல்லுவேன். அந்த லிஸ்ட்ல எது எடை அதிகமோ அதைத்தான் முதல்ல போடுவாங்க, அதனால சர்க்கரை முதல் மூணு பொருளுக்குள்ள வந்தா டப்பா ஷெல்ஃபுக்கே திரும்பப் போயிடும். அதுலயும் தந்திரம் இருக்கு, சுக்ரோஸ், டெக்ஸ்ட்ரோஸ், கார்ன் சிரப்புன்னு பிரிச்சுப் போட்டா ஒவ்வொண்ணும் கீழ இறங்கிடும், எல்லாம் சர்க்கரைதான்! சேர்க்கிற சர்க்கரை ஒரு நாள் கலோரியில 10 சதவீதத்துக்கு கம்மியா இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் 2015லயே சொல்லியாச்சு, பெரியவங்களுக்கும் சேர்த்துதான் (என் வீட்டுக்காரர் இதைப் படிக்கணும்).

பெரிய பாக்கெட்னா லாபம்னு நினைக்காம 100 கிராமுக்கு எவ்வளவுன்னு கணக்குப் போடறதையும் அவகிட்ட விட்டிருக்கேன். சின்னவன் இன்னும் தரையில உருண்டு அழறான், அது வேற கதை.

இப்படிக்கு,
ரெண்டு பிள்ளைங்களோட அம்மா