ராஜகிரி உச்சிக்கு வராத அண்ணாவுக்கு

அண்ணா,

இந்த வருஷம் அப்பா திதிக்கும் நான் வரவில்லை. காரணத்தை இங்கே எழுத முடியாது, அத்தை வீட்டில் எல்லோரும் படிக்கிறார்கள். வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

2025 ஜூலையில் செஞ்சியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது உன் முகம்தான் வந்து நின்றது. மராட்டியரின் 12 கோட்டைகளில் ஒன்றாம்! குதித்திருப்பாய். கோனார் எழுப்பி, நாயக்கர்கள் வளர்த்த கோட்டை; சிவாஜி வந்தது 1677இல்தானே என்பாய். ஆனால் அவர் மகன் ராஜாராம் 1689இல் இங்கே வந்து ஒடுங்கினார். ஔரங்கசீப்பின் படைக்குக் கோட்டை 1698இல்தான் வீழ்ந்தது. அதையும் கணக்கில் வை.

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையில் அந்த மரப்பாலம் நினைவிருக்கிறதா? உச்சிக்குக் கொஞ்சம் கீழே, பாறை பிளந்து கிடக்குமே. 24 அடி அகலம், 60 அடி ஆழம் என்று அப்பாவிடம் நீதான் சொன்னாய். பலகையை இழுத்துவிட்டால் பத்துப் பேர் போதும், ஒரு படையையே நிறுத்தலாம் என்றாய். அப்பா பதில் சொல்லவில்லை. துண்டால் கழுத்தைத் துடைத்தபடி படியில் உட்கார்ந்துவிட்டார், மூச்சு இரைத்தது. "நீ போ, நான் அப்பாகூட இருக்கேன்" என்றாய். நான் போனேன். ரங்கநாதர் கோயில், தானியக் களஞ்சியம், கீழே சதுரமாய்க் கல்யாண மகால், எதிரே கோட்டையின் இன்னொரு மலை, கிருஷ்ணகிரி. காற்றில் தாவணி நிற்கவில்லை. அவ்வளவு சந்தோஷம் எனக்கு. இறங்கி வந்தபோது நீ அப்பாவுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாய். ஒரு சுளை எனக்கும் எடுத்து வைத்திருந்தாய்.

கடைசி மூன்று வருஷமும் அப்படித்தான் அவரோடு இருந்தாய். நான் இல்லை. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்று வைத்துக்கொள். ஆனால் போகச் சொன்னதும் நீதான். சொல்லிவிட்டு, "அவ போயிட்டா" என்று ஊரெல்லாம் சொன்னதும் நீதான். ஆஸ்பத்திரிச் செலவில் என் பங்கு எவ்வளவு என்று இங்கே எழுத எனக்கும் கை இருக்கிறது. எழுதவில்லை.

செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜா கதையைச் சொல்லும்போதெல்லாம் உன் குரல் உடையும். 1714இல், இருபது சொச்சம் வயதில், எண்ணிச் சொல்லக்கூடிய ஆட்களோடு ஆற்காட்டு நவாபின் படைமேல் பாய்ந்தவன். உடன்கட்டை ஏறிய அவன் மனைவி ராணிபாயை ஒரே வரியில் தாண்டிவிடுவாய். அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

முட்டி வலி என்று அண்ணி சொன்னாள். தைலம் மட்டும் தேய்த்துக்கொண்டிராமல் டாக்டரிடம் காட்டு. சரியானதும் பையனைக் கூட்டிக்கொண்டு ராஜகிரி ஏறு. கல்யாண மகாலிலேயே வீடியோ எடுத்துவிட்டுத் திரும்பிவிடாதே. இந்தத் தடவை பாலத்தைத் தாண்டிப் போ.